இரண்டாம் ஆண்டின் விலை

முதல் ஆண்டு அந்த இணையப் பெயருக்கு நான் கட்டியது இருநூறு ரூபாய்க்கும் குறைவு. பதினோரு மாதம் கழித்து, அதே பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சலில் நாலாயிரத்துச் சொச்சம் என்று இருந்தது. பெயரில் ஓர் எழுத்து மாறவில்லை. இணையதளத்தில் ஒரு படம் கூடவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நான் சமையல் மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அந்த எண்ணை மூன்று முறை படித்தேன். எங்கோ ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பணம் என்னுடையது அல்ல. போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் டிராவல்ஸ் நடத்தும் ஒருவருடையது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஏழு வண்டி, ஒரு படகு. அவரிடம் வேலை பார்க்கும் பெங்காலி டிரைவர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சின்ன வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பவள். அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். அதற்குப் பிறகு வந்த பதினோரு பேரும் அவர் சொல்லி வந்தவர்கள். கராச்சர்மாவில் நம்ம கொத்தனார் மகள் ஒருத்தி இருக்கிறாள், நன்றாகச் செய்கிறாள் என்று அவர் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் நின்று நாலு பேரிடம் சொன்னால் எனக்கு வேலை வரும். அதே இடத்தில் நின்று அவள் ஏமாற்றிவிட்டாள் என்று சொன்னால் எல்லாம் போகும். போர்ட் பிளேரில் ஒரு பேச்சு விமான நிலையத்தில் கிளம்பினால் மதியத்துக்குள் கராச்சர்மா பேருந்து நிறுத்தத்துக்கு வந்துவிடும்.

போகும் என்று நான் பயந்தது வேலை மட்டுமல்ல. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா பரமக்குடிப் பக்கம். அரசு குடியிருப்புகள் கட்ட ஆள் எடுத்தபோது கப்பலேறி வந்தவர். அம்மா இங்கேயே பெரார்கஞ்சில் பிறந்தவர். தோட்டங்களில் பாக்கு உரித்தே வளர்ந்தவர். இரண்டு பேரும் கைநாட்டு. ரேஷன் அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா, தீவுக்காரர் என்று காட்டும் ஐலண்டர் அட்டைக்கு எந்தப் படிவம், மாத்திரை அட்டையில் எந்தத் தேதி, மின்வாரியத்திலிருந்து வந்த தாளில் என்ன மிரட்டல் என்று எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்லி வருகிறேன். பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் முட்டி மோதி, கணினிப் பட்டம் வாங்கினேன். இதையெல்லாம் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லலாமே என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அந்த அடக்கம் வரவில்லை, வரவழைத்துக்கொள்ளவும் போவதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். அதுதான் உறுத்தியது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அண்ணாச்சி கேட்டது டாட் காம். அவருடைய கம்பெனி பெயரில் டாட் காமை கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் யாரோ எப்போதோ வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பழைய ஜீப் வாங்குகிற தொகையைக் கேட்டான். டாட் இன் இருந்தது. சாதாரண விலைதான். அது அவருக்குப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது என்றார். அன்று தீபாவளிச் சலுகை ஓடிக்கொண்டிருந்தது. புள்ளிக்குப் பின்னால் பயணத் தொழிலுக்கென்றே வந்த ஒரு புதுச் சொல். எந்தச் சொல் என்று எழுதினால் அவர் யார் என்று தெரிந்துவிடும், எழுதவில்லை. நூற்றுத் தொண்ணூறு சொச்சம் ரூபாய்.

தீவில் வளர்ந்தவளுக்குச் சலுகை விலை என்றால் மண்டைக்குள் ஒரே ஒரு மணிதான் அடிக்கும். கப்பல் வந்திருக்கிறது, அடுத்தது எப்போது என்று தெரியாது, இப்போதே வாங்கு. சென்னைக் கப்பல் வந்து நின்ற வாரம் அம்மா வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூட்டையாக எடுப்பார். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் தள்ளிப்போனால் அதே வெங்காயம் மூன்று மடங்கு. வாங்கி வைத்தால் கிடக்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறியது. நான் அந்தப் பெயரை மட்டும் வாங்கவில்லை. அதே பெயரை, புள்ளிக்குப் பின்னால் வரும் வேறு மூன்று வாலோடும் சேர்த்து எடுத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். மற்ற வாடிக்கையாளர்களுக்கும் அதே வாரத்தில் அப்படியே சிலவற்றை எடுத்து வைத்தேன்.

மூட்டையில் இருப்பது நம்முடையது. இணையப் பெயர் அப்படி அல்ல. அதை யாரும் யாருக்கும் விற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வாடகைக்குத்தான் விடுகிறார்கள். எனக்கு இது தெரியாதது அல்ல, பாடத்தில் படித்திருக்கிறேன். தெரிந்தும் வெங்காயம் வாங்குவதுபோல வாங்கினேன். மெயின்லேண்டில் இருக்கும் ஒருத்தி வேறு ஏதாவது தப்புச் செய்திருப்பாள். இந்தத் தப்பை இங்கே இருப்பவர்கள்தான் செய்வார்கள்.

அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் மிகவும் பிடித்துப்போனது. ஏழு வண்டியின் பின்பக்கமும் பெயின்ட் அடித்தார். படகின் இரண்டு பக்கமும். டிரைவர்களுக்குச் சட்டை முதுகில். விமான நிலைய வாசலில் பிடித்து நிற்கும் பலகையில்.

நாலாயிரத்துச் சொச்சம் என்று பார்த்த பிறகு நான் அவருக்கு உடனே சொல்லவில்லை. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். சொல்லப் போகிறவளுக்கு முதலில் புரிய வேண்டும். விற்ற கடையின் உதவி அரட்டையில் கேட்டால், அதுதான் வழக்கமான விலை, போன ஆண்டு கொடுத்தது அறிமுக விலை என்று ஒரே பதிலை நாலு விதமாகச் சொன்னார்கள். பிறகு நானே தேடித் தேடிப் படித்தேன். எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பதால், புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

புள்ளிக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் உலகத்தில் ஒரே ஒரு பதிவேட்டுக்காரர் உண்டு. நாம் வாங்குவது அவரிடம் அல்ல, நடுவில் இருக்கும் கடைகளிடம். கடை எதுவானாலும் ஒரு பெயருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அந்தப் பதிவேட்டுக்காரருக்குக் கட்டியே ஆக வேண்டும். அதற்கு மேல் கடையின் லாபம், டாலர் விலை, வரி. கடை மாற்றினால் லாபத்தில் கொஞ்சம் குறையலாம், அடிவிலை குறையாது.

அந்த அடிவிலையில்தான் எல்லாம் இருக்கிறது. டாட் காமின் பதிவேட்டுக்காரர் ஓர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். நினைத்த நேரத்தில் நினைத்த அளவு ஏற்ற முடியாது. அதனால் வாங்கும் விலையும் புதுப்பிக்கும் விலையும் பெரிதாக விலகுவதில்லை. டாட் இன் நம் நாட்டுடையது. ஆட்கள் சேர வேண்டும் என்று குறைவாகவே வைத்திருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நூற்றுக்கணக்கில் வந்து இறங்கிய புதுச் சொற்களின் கதை வேறு. தனியார் கம்பெனிகள் பெரிய தொகை போட்டு ஒவ்வொரு சொல்லையும் எடுத்திருக்கின்றன. அவர்கள் விலைக்குக் கூரை கிடையாது. அந்தச் சொல்லில் பெயர் வாங்குகிறவர்களும் கொஞ்சம்தான், அதனால் செலவெல்லாம் அந்தக் கொஞ்சம் பேர் தலையில். முதல் ஆண்டு ஏறக்குறைய சும்மா கொடுப்பார்கள். வாங்கியவர்களில் பலர் அடுத்த ஆண்டே விட்டுவிடுவார்கள். விட முடியாமல் நிற்கிறவர்களிடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவார்கள். இதற்கும் மேல், சின்னதாக, அழகாக இருக்கிற பெயர்களைத் தனியே பொறுக்கி வைத்து, ஒவ்வோர் ஆண்டும் இன்னும் கூடுதலாக வாங்குவதும் உண்டு.

படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. பசிபிக்கில் துவாலு என்று ஒரு குட்டித் தீவு நாடு. அதற்குக் கிடைத்த இரண்டு எழுத்து டிவி. கரீபியனில் ஆங்குயிலா என்று ஒரு தீவு. அதற்குக் கிடைத்தது ஏஐ. உலகமெல்லாம் அந்த எழுத்துகளுக்கு வரிசையில் நின்று விலை கொடுக்கிறது, தீவுகளுக்கு வருமானம். எங்களுக்கு ஐநூறுக்கு மேல் தீவுகள், இரண்டு எழுத்து கிடையாது. ஏஎன் என்று போட்டுப் பார்த்தேன். அது வேறு ஏதோ ஒரு தீவுக் கூட்டத்துக்கு இருந்ததாம். அந்த நாடு கலைந்ததும் எழுத்தையும் எடுத்துவிட்டார்கள். நல்லது என்று நினைத்தேன். எங்களுக்குக் கிடைத்திருந்தால் அதையும் மெயின்லேண்ட்காரன் எவனாவது ஏலத்தில் எடுத்து எங்களுக்கே வாடகைக்கு விட்டிருப்பான்.

நாலாம் நாள் காலை அண்ணாச்சிக்கு போன் செய்து சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "நாளைக்கு ஒங்கப்பனக் கூட்டிட்டு வா" என்றார்.

அப்பா அப்போது அவரிடம்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குப் பின்னால் சுற்றுலா வருபவர்களுக்கு மூன்று அறை கட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. சீசன் தொடங்குமுன் முடிய வேண்டும். டைல் வேலை அப்பாவுடையது. அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றால், பின்கட்டில் இருப்பவரை முன்கட்டுக்குக் கொண்டுவந்து நிற்க வை என்று பொருள். மகள் செய்ததற்கு அப்பன் தலைகுனிய வேண்டும், அதை டிரைவர்கள் பார்க்க வேண்டும்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். அம்மா சுருக்கமாக முடித்துவிட்டார். பெரிய மனிதர், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் கிரீடம் இறங்கிவிடாது, நாலாயிரத்தை நாமே போட்டுவிடலாம், நகைக்கடனுக்கு இன்னும் வைக்காத தோடு இருக்கிறது என்றார். நாமே போட்டால் நான் எடுத்தேன் என்று ஆகிவிடும் அம்மா என்றேன். அம்மாவுக்கு அது புரிந்தது. ஆனாலும் தோட்டைக் கழற்றத் தயாராகத்தான் இருந்தார்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நகக்கண்ணில் வெள்ளை சிமென்ட் இருந்தது.

"தப்புப் பண்ணிட்டியா?"

"ஒரு வரிய படிக்காம விட்டுட்டேன்ப்பா."

"காசு எடுத்தியா?"

"இல்ல."

"அப்ப நான் எதுக்குத்தா அங்க?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் கராச்சர்மாவில் பேருந்து ஏறினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, அதற்குள் நாலு தாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. புடவையா சுடிதாரா என்று காலையில் யோசித்து, கல்லூரியில் பட்டம் வாங்கப் போன சுடிதாரையே போட்டிருந்தேன். அதை யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரியும். எனக்காகப் போட்டது.

அலுவலகம் என்பது கண்ணாடிக் கதவு வைத்த ஒரு முன்னறை. மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் மூத்த டிரைவர் ஒருவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பெங்காலிக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், பேசுவது இந்தி. பின்கட்டில் டைல் வெட்டும் மிஷின் கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. அது அப்பாவின் கை என்று எனக்குத் தெரியும். இழுத்து, நிறுத்தி, இழுத்து வெட்டுவார்.

"அப்பன் எங்க?" என்றார் அண்ணாச்சி.

"உள்ள வேலையில இருக்காங்க அண்ணாச்சி. அவங்க வேலைய அவங்க பாக்கட்டும். இது என் வேலை, நான் வந்திருக்கேன்."

டிரைவர் செய்தித்தாளை மடிக்காமலே தாழ்த்தினார்.

"இருநூறு ரூவா சாமான் நாலாயிரம்னு சொல்லுத. மீதிக் காசு எங்க போச்சு?"

"மீதின்னு ஒண்ணு இல்ல. நீங்க இன்னும் கட்டவே இல்லியே."

அவருக்கு அது பிடிக்கவில்லை. படித்த திமிர் என்றார். தன் அக்காள் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், அவனிடம் கேட்டிருக்கிறேன், இந்தப் பெயர்களெல்லாம் நூறு இருநூறுதான், நடுவில் இருக்கிறவர்கள்தான் ஏற்றி வாங்குகிறார்கள் என்று சொன்னான் என்றார். நடுவில் இருக்கிறவர்கள் என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

நான் தாள்களை எடுக்கவில்லை. நான் அச்சடித்துக் கொண்டுவந்ததை அவர் ஏன் நம்ப வேண்டும். அவருடைய போனிலேயே அவருடைய மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னேன். படிக்காத மின்னஞ்சல் ஆயிரக்கணக்கில் கிடந்தது. போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போங்கள் என்றேன். அவரால் தள்ளித் தள்ளிப் போக முடியவில்லை. டிரைவர் வாங்கித் தேடினார். பில் இருந்தது. வாங்கியவர் இடத்தில் அண்ணாச்சியின் பெயர், அவருடைய முகவரி, அவருடைய போன் நம்பர்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன், பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்தத் தொழிலில் பலர் வாடிக்கையாளரின் பெயரைத் தங்கள் பெயரில் பதிந்து வைத்துக்கொள்வார்கள். அப்போது வாடிக்கையாளர் எங்கும் போக முடியாது. நான் முதல் நாளிலிருந்தே யாருடைய பெயரையும் என் பெயரில் எடுத்ததில்லை. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் ஒருவர் நிலத்தை இன்னொருவர் தன் பெயரில் எழுதிக்கொண்ட கதையை அப்பா பாதிச் சோற்றில் நிறுத்தி நிறுத்திச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

பில்லின் கீழே, வரிக்கும் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. புதுப்பிக்கும்போது வழக்கமான விலை என்று, தொகையோடு. டிரைவர் விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"இத நீ பாக்கலியா?"

"பாக்கல. அது என் தப்பு. படிக்கிறதுக்குத்தான் எனக்குக் காசு குடுத்தீங்க, நான் படிக்கல. ஆனா நான் எடுக்கல அண்ணாச்சி. ரெண்டும் வேற வேற. படிக்கலன்னு எங்க வேணா சொல்லுங்க, நானும் கூட நின்னு ஆமான்னு சொல்றேன். எடுத்தேன்னு சொன்னா விட மாட்டேன்."

என் குரல் நடுங்கியது. நடுங்கியதை அவர் பார்த்தார். அதைச் சாக்காக வைத்து அவர் கொஞ்சம் தணிந்த மாதிரிப் பேசினார். சரி, எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் இதை எப்படி நம்புவது என்றார்.

"இருநூறுக்குக் குடுத்த சாமானுக்கு மறுவருசம் நாலாயிரம் கேக்கானா? எந்த மடப்பயலாவது இப்படி ஏவாரம் பண்ணுவானா?"

அவர் தலைக்கு மேலே சுவரில் அவருடைய விளம்பரப் பலகை மாட்டியிருந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும். நான் அதைப் படித்துப் படித்துத்தான் அவருடைய இணையதளத்தையே செய்தேன். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில், விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது இலவசம்.

"நீங்க பண்றீங்களே" என்றேன்.

"என்னது?"

"வரும்போது பிக்கப் ஃப்ரீ. திரும்பிப் போறப்ப டிராப்புக்கு எவ்வளவு வாங்குறீங்க? கையில லக்கேஜ், ரெண்டு மணி நேரத்துல ஃபிளைட், வேற வண்டி தேட நேரம் கெடையாது. அப்ப ஃப்ரீயாவா விடுறீங்க? போன வருசம் உங்களுக்கு அவன் ஃப்ரீயா பிக்கப் குடுத்தான். இப்ப ஏழு வண்டி முதுகுலயும் அந்தப் பேரு இருக்கு. உங்களுக்கு வேற வண்டி கெடையாதுன்னு அவனுக்குத் தெரியும்."

டிரைவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். தாள் குலுங்கியது. அதற்குப் பின்னாலிருந்து, "சஹீ போலா" என்று ஒரு குரல் வந்தது. சரியாகத்தான் சொன்னாள் என்று இந்தியில் சொன்னதை அண்ணாச்சியும் கேட்டார், கேட்காததுபோல இருந்தார்.

பின்கட்டில் மிஷின் ஓசை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"அது வேற" என்றார் அண்ணாச்சி. அவர் வியாபாரி. ஒரு சூத்திரம் புரிந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் அவரே கேட்டார், அப்படியானால் டாட் காம்காரனும் டாட் இன்காரனும் ஏன் அப்படி ஏற்றவில்லை, அவர்களுக்குக் காசு கசக்குமா என்று. ஹாவ்லாக் தீவுக்குப் போகும் அரசு கப்பலையும் தனியார் கப்பலையும் எடுத்துச் சொன்னேன். இரண்டுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் அவர். அரசு கப்பலில் கட்டணம் ஆணை வந்தால்தான் மாறும். கேப்டன் நினைத்தால் மாற்ற முடியாது. தனியார் கப்பலில் சீசனுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை. கடல் ஒன்றுதான். யார் கையில் விலையை மாற்றும் அதிகாரம் இருக்கிறது, அவருக்கு யார் கடிவாளம் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது.

பிறகு என்ன செய்யலாம் என்று சொன்னேன். காலாவதிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தவறவிட்டால் மீட்பதற்கு இன்னொரு தண்டத்தொகை, அது இதைவிடப் பெரியது. சீசன் நேரத்தில் தளமும் மின்னஞ்சலும் நின்றால் புக்கிங் போகும். அதனால் இந்த ஓர் ஆண்டு கட்ட வேண்டும். அதற்குள் டாட் இன்னுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். பழைய பெயரைத் தட்டினாலும் புதிய இடத்துக்குப் போகும்படி வைத்துவிட்டு, வண்டிகளுக்கு அடுத்த பெயின்ட் அடிக்கும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம். மற்ற மூன்று வால்களை விட்டுவிடலாம், அவற்றால் ஒரு பயனும் இல்லை, நான் வாங்கியதே வீண்.

பாதியை நீ போடு என்றார்.

"மாட்டேன். மாத்துற வேலை ஒரு மாசம் இழுக்கும், அதுக்குக் கூலி வாங்க மாட்டேன். அது என் தப்புக்கு. பேரோட வாடகை உங்களுது."

"ரொம்பப் பேசுத. உள்ள ஒங்கப்பன் வேல பாக்கான்கிறது நெனப்பு இருக்கா?"

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். பேருந்தில் நின்றபடி பதில் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அது நல்ல பதில், நீளமான பதில், அப்போது ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை.

"அவங்க போட்ட டைல்ல குத்தம் இருந்தா அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். "இது இங்க பேசுற பேச்சு."

அண்ணாச்சி பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. அப்பா வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். அவர் வந்து கைகட்டி நின்றிருந்தாலும், வந்து சண்டை போட்டிருந்தாலும், நான் மறுபடி கொத்தனார் மகளாக மட்டும் ஆகியிருப்பேன். அவர் வரவில்லை. அண்ணாச்சி மீண்டும் என் பக்கம் திரும்புவதற்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது. இழுத்து, நிறுத்தி, இழுத்து.

"இன்னைக்கே கட்டிப்போடு" என்று கார்டை மேசையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. நான் அவர் போனிலேயே அவரையே கட்ட வைத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்தி, பொடி எழுத்தைப் படித்துச் சொல்லி, பிறகு அடுத்ததை அழுத்தச் சொன்னேன். அவருக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில், இதை நாலு பேருக்குச் சொல்லாமல் விட மாட்டேன், உன்னிடம் வேலை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றார்.

"உங்களுக்கு முன்னால நான் சொல்லிடுறேன்" என்றேன்.

வீம்புக்குச் சொன்னதுதான். வெளியே வந்து வெயிலில் நின்றபோது, சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. குட்வில் எஸ்டேட் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதினோரு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டேன். உங்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த பெயருக்கு அடுத்த ஆண்டு இவ்வளவு ஆகும், இதை நான் முதலிலேயே பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, என் தப்பு, டாட் இன்னுக்கு மாற்ற வேண்டுமானால் கூலி இல்லாமல் மாற்றித் தருகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நாலாவது ஆளிடம் சொல்லும்போதுதான் குரல் சாதாரணமானது.

ஐந்து பேருக்கு டாட் காம்தான், பெரிய வித்தியாசம் இல்லை. இதற்குப் போய் ஏன் போன் என்றார்கள். ஒரு மீன் ஏற்றுமதிக்காரர் இந்தியில் வாய்க்கு வந்தபடி திட்டினார், முடியும்வரை கேட்டேன். நகைக்கடைக்காரர் ஒருவர் தன் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டார், அனுப்பினேன், அன்றே சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். இன்னொருவரும் அடுத்த வாரம் போனார். போனவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அவர்கள் போனது நான் சொன்னதைக் கேட்டு. வேறு ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அல்ல. அண்ணாச்சி அன்று மாலை ஜெட்டியில் சொன்னபோது, தெரியுமே, அந்தப் பெண்ணே கூப்பிட்டுச் சொன்னாளே என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அதை அந்த மூத்த டிரைவர் எனக்கு வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தார், பாதி சிரிப்பாக.

பட்டியலில் கடைசி, பெரார்கஞ்சில் தென்னந்தோப்புக்குள் இரண்டு அறை வைத்து விருந்தினர் தங்க விடும் ஓர் அக்கா. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இங்கே, பேச்சில் பாதி இந்தி. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் இரண்டு முறை லைன் போனது. இரண்டு முறையும் அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"தூஸ்ரா வருசம் மூவாயிரத்து எண்ணூறுங்கிற. அச்சா. அப்ப மூணாவது வருசம்?"

அதை நான் தேடவில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது. அந்தச் சொல்லின் பதிவேட்டுக்காரர் நாளைக்கே ஏற்றலாம், ஏற்றாமலும் இருக்கலாம், முன்கூட்டி ஓர் அறிவிப்பு வைத்தால் போதும். டாட் இன்னுக்குக்கூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இதுவரை பெரிதாக ஏறவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

"தெரியாதுக்கா" என்றேன். "அவங்க நெனச்சா ஏத்தலாம்."

"பக்காவா தெரியாதா?"

"பக்காவா தெரியாது."

அந்தப் பக்கம் கோழிகள் கத்தின. அக்கா யாரையோ தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"சரி, டாட் இன்னுக்கே மாத்து. எஸ்டிமேட் புதுசா எழுதி அனுப்பு. மூணாவது வருசம் தெரியாதுன்னு சொன்னியே, அதையும் அதுல எழுதிக் குடு."

டீக்கடை பெஞ்சிலேயே போனில் தட்டினேன். முதல் வரியில் இரண்டாம் ஆண்டின் விலை. அதற்குக் கீழே, மூன்றாம் ஆண்டின் விலை எனக்குத் தெரியாது, யாராவது தெரியும் என்று சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கூலியை அதற்குப் பிறகுதான் எழுதினேன். தமிழில் எழுதி, கீழே முழுப் பெயரும் போட்டு அனுப்பினேன்.